சுழலியும் விசிறியும்: தானே கட்டிய வானூர்திக்கு உந்துவிசிறி தேர்ந்தெடுத்தல்



இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது பார்வைக்கு மிகச் சிறிய வினா. ஒருவர் தம் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகள் உழைத்து இருவர் அமரக்கூடிய வானூர்தி ஒன்றைக் கட்டியிருக்கிறார். அதில் காரிலிருந்து கழற்றிய சுழலி எஞ்சினைப் பொருத்தியிருக்கிறார். அதன் மூக்கில் எந்த உந்துவிசிறியை மாட்ட வேண்டும்? எத்தனை அங்குல நீளம், எவ்வளவு முறுக்கம், எத்தனை இதழ், மரமா உலோகமா?

தொழிற்சாலையில் கட்டிய வானூர்திக்கு இவ்வினா எழுவதே இல்லை. எஞ்சினையும் விசிறியையும் ஓர் இணையாகச் சோதித்துச் சான்றளித்து, இந்த எஞ்சினுக்கு இந்த விசிறி என்று அட்டவணை போட்டிருப்பார்கள். தாமே கட்டுவோர் பெருமளவில் வாழும் அமெரிக்காவில் அரசு விதியே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது. சான்று பெற்ற எஞ்சினும் விசிறியும் இணையாக அமைந்தால், புதிய வானூர்தி பயணி இன்றித் தனியே பறந்து சோதிக்கப்பட வேண்டிய நேரம் மரபாக 25 மணி. இணை சான்று பெறாததாயின் 40 மணி. அந்தப் பதினைந்து மணி வேறுபாட்டுக்குள் இன்றைய உரை முழுவதும் அடங்கிவிடும். சுழலி எஞ்சினைத் தேர்ந்தவருக்கு அட்டவணை இல்லை. அவரே கணக்குப் போட வேண்டும். கணக்கு தவறினால் அது தெரியவரும் இடம் ஓடுபாதையின் கடைசி முந்நூறு மீட்டர். அங்கே மரங்கள் இருக்கும்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'ரோட்டரி எஞ்சின்' என்ற ஒரே பெயரை வானூர்தி வரலாறு இரு வேறு பொருள்களுக்குக் கொடுத்துவிட்டது. முதல் உலகப்போர்க் காலத்து நோம், கிளெர்ஜே எஞ்சின்களில் நடுத்தண்டு வானூர்தியோடு அசையாமல் பிணைக்கப்பட்டிருந்தது. உருளைகள் அனைத்தும் விசிறியோடு சேர்ந்து சுழன்றன. சாப்வித் கேமல் என்ற புகழ்பெற்ற போர் வானூர்தியில் இருந்தது அவ்வகை. நாம் பேசப்போவது அதுவன்று. ஃபெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியரின் எண்ணத்தில் உருவாகி, 1957-இல் நெக்கார்சுல்ம் நகரின் என்எஸ்யூ நிறுவனத்தில் முதன்முதல் ஓடிய எஞ்சின் இது. அதை வளர்த்தெடுத்தது ஜப்பானின் மாஸ்டா. 1967-இல் காஸ்மோ காரில் தொடங்கி ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 வரை அது வந்தது. 1991-இல் லெ மான் இருபத்து நான்கு மணிநேரப் பந்தயத்தை வென்ற மாஸ்டா 787பி காரிலும் இருந்தது இதுவே. இந்தச் சுழலியைத்தான் வானூர்தி கட்டுவோர் நாடுகிறார்கள். குறிப்பாக 13பி என்னும் இரட்டைச் சுழலி எஞ்சினை.

அதன் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இடுப்பு ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஓர் அறைக்குள் மும்முனைச் சுழலி ஒன்று உருண்டு சுற்றுகிறது. பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, மேலும் கீழும் போய்வரும் உறுப்பு எதுவும் இல்லை. சுழலி ஒரு முறை சுற்றுவதற்குள் எஞ்சின் தண்டு மூன்று முறை சுற்றிவிடும். ஒவ்வொரு சுழலியும் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்புத் துடிப்பைத் தருகிறது. 13பி எஞ்சினில் ஒவ்வோர் அறையின் கொள்ளளவு 654 கன சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து 1,308. இவ்வளவு சிறிய எஞ்சின் வானூர்திக்குப் போதிய திறனை எப்படித் தருகிறது? வேகமாகச் சுற்றுவதால் தருகிறது. நிமிடத்திற்கு 6,000, 6,500, 7,500 சுற்று என்பன அதற்கு இயல்பான வேகங்கள். வானூர்திக்கென்றே செய்யப்பட்ட லைகமிங் போன்ற பிஸ்டன் எஞ்சின்கள் 2,700 சுற்றோடு நின்றுவிடும். நம் சிக்கலின் வேர் இந்த வேறுபாடுதான்.

இனி விசிறிக்கு வருவோம். ரைட் சகோதரர்கள் 1903-ஆம் ஆண்டு வானூர்திக்கு விசிறி செய்ய முனைந்தபோது, கப்பல்களில் நெடுங்காலமாகச் சுழலிகள் இருப்பதால் அவற்றின் கோட்பாட்டை நூல்களில் எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பினார்கள். அப்படிப் பயன்படக்கூடிய கோட்பாடு கிடைக்கவில்லை. இருவரும் நெடுநாள் வாதிட்டுத் தாமே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: விசிறியின் இதழ் என்பது காற்றைத் துளைக்கும் திருகு அன்று, வட்டத்தில் பறக்கும் ஓர் இறக்கை. தமிழாசிரியர்களுக்கு இங்கே ஒரு செய்தி உண்டு. நம் வீட்டுக் கூரையில் சுழலும் மின்விசிறியின் தகட்டை நாம் இயல்பாகவே 'இறக்கை' என்கிறோம். பொறியியல் நோக்கில் அச்சொல் முற்றிலும் சரியானது. ஆயினும் வானூர்திக்கு வேறு இறக்கையும் இருப்பதால், குழப்பம் நேராதிருக்க, விசிறியில் உள்ளதை இவ்வுரையில் இதழ் என்றே சொல்லப்போகிறேன்.

இதழ் ஓர் இறக்கை என்றால், இறக்கைக்கு உரிய எல்லைகள் அதற்கும் உண்டு. அவற்றுள் முதன்மையானது ஒலியின் வேகம். இதழின் நுனியைச் சூழ்ந்த காற்று ஒலிவேகத்தை நெருங்கும்போது இழுவை திடீரென ஏறுகிறது. எஞ்சின் தரும் திறன் உந்துவிசையாவதற்குப் பதில் இரைச்சலாகவும் வெப்பமாகவும் வீணாகிறது. நுனிவேகத்தைக் கணக்கிட உயர்நிலைப் பள்ளி மாணவருக்குத் தெரிந்த வாய்பாடே போதும்: விட்டத்தைப் பையால் பெருக்கி, அதை நொடிக்கு எத்தனை சுற்று என்ற எண்ணால் பெருக்குக.

விசிறி வணிகம் இன்றும் அங்குலத்தில்தான் நடக்கிறது. ஆகவே 72 அங்குல விசிறியை எடுத்துக்கொள்வோம், அது 1.83 மீட்டர். லைகமிங் எஞ்சினில் அது 2,700 சுற்றில், அதாவது நொடிக்கு 45 சுற்றில், ஓடுகிறது. நுனிவேகம் நொடிக்கு ஏறத்தாழ 258 மீட்டர். வானூர்தி நொடிக்கு 80 மீட்டர் வேகத்தில் முன்னேறினால் இரு வேகங்களையும் பைதாகரஸ் முறையில் கூட்ட வேண்டும்; 271 மீட்டர் வரும். 15 பாகை வெப்பநிலையில் ஒலிவேகம் 340. ஆகவே நுனி ஒலிவேகத்தில் எண்பது விழுக்காட்டில் செல்கிறது. இது நல்ல இடம். எண்பத்தைந்தைத் தாண்டினால் கவலைப்படத் தொடங்கலாம். தடித்த மர இதழுக்குக் கவலை இன்னும் சற்று முன்னதாகவே வரும்.

அதே விசிறியை 6,500 சுற்றில் ஓடும் சுழலி எஞ்சினின் தண்டில் நேராக மாட்டினால் நுனிவேகம் நொடிக்கு 620 மீட்டரைத் தாண்டும். அது ஒலியைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. அப்படியானால் விசிறியைக் குட்டையாக்கலாமே என்று ஒரு மாணவர் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. நுனிவேகம் 260 மீட்டருக்குள் இருக்க வேண்டுமாயின் விசிறியின் விட்டம் 30 அங்குலமாகக் குறையும். காற்றைப் பிடிக்கும் வட்டப் பரப்பு பழையதில் பதினேழு விழுக்காடாகச் சுருங்கிவிடும். சிறிதளவு காற்றை மிக வேகமாகத் தள்ளுவதைவிடப் பெருமளவு காற்றை மெல்லத் தள்ளுவதே ஆற்றலைச் சிக்கனப்படுத்தும். 180 குதிரைத்திறன் எஞ்சினுக்கு, வானூர்தி நின்றிருக்கும் நிலையில், 72 அங்குல விசிறி கொள்கையளவில் தரக்கூடிய உச்ச உந்துவிசை 4,870 நியூட்டன். 30 அங்குல விசிறிக்கு அது 2,720 நியூட்டன்தான். நடைமுறையில் இரண்டுமே இவற்றுக்குக் கீழேதான் வரும். ஆனால் இடைவெளி மறையாது. ஏறுவதற்கு வேண்டிய விசையில் நாற்பத்து நான்கு விழுக்காட்டை யார் இழக்கத் துணிவார்?

எனவே எஞ்சினுக்கும் விசிறிக்கும் நடுவே வேகம் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி ஒன்று வேண்டும். ரைட் சகோதரர்களும் இதையே செய்தார்கள். மிதிவண்டிக் கடைக்காரர்கள் ஆதலால் சங்கிலி பூட்டி, எஞ்சின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் தம் இரு விசிறிகளையும் சுழற்றினார்கள். இன்று சுழலி எஞ்சினுக்கு, கார்களின் தானியங்கிக் கியர்பெட்டியிலிருந்து எடுத்த கோளமைப்புப் பற்சக்கரத் தொகுதிகள் பயன்படுகின்றன. நடுவில் ஒரு சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், வெளியே ஒரு வளையம். பலர் பயன்படுத்திய விகிதங்கள் இரண்டு: 2.17க்கு ஒன்று, 2.85க்கு ஒன்று.

பற்சக்கரப் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, விசிறியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணமே பெரும்பாலான தொல்லைகளுக்குத் தோற்றுவாய் என்பது என் கருத்து. ஏன் என்பதை எண்களால் காட்டுகிறேன்.

விசிறி உட்கொள்ளும் திறன் அதன் சுற்றுவேகத்தின் முப்படியைப் பொறுத்தது. விட்டத்தின் ஐந்தாம் படியைப் பொறுத்தது. இவ்வொரு வரியை வகுப்பில் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. வேகம் பத்து விழுக்காடு குறைந்தால் விசிறி உண்ணும் திறன் இருபத்தேழு விழுக்காடு குறைகிறது. விட்டம் 72 அங்குலத்திலிருந்து 76 அங்குலமானால், வெறும் நான்கு அங்குலம்தான், திறன் முப்பத்தொரு விழுக்காடு கூடுகிறது.

இப்போது நம் கட்டுநரின் நண்பர் ஒருவர், தம் லைகமிங் எஞ்சினிலிருந்து கழற்றிய நல்லதொரு 72 அங்குல விசிறியை இலவசமாகத் தருகிறார் என வைத்துக்கொள்வோம். தரையில் நின்ற நிலையில் 2,700 சுற்றில் அது 180 குதிரைத்திறனை உண்ணும் என்றும் கொள்வோம். நம் சுழலி எஞ்சின் 6,500 சுற்றில் அதே 180 குதிரைத்திறனைத் தருகிறது. திறன் சமம், விசிறி பொருந்தும் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

2.17 விகிதப் பெட்டியில் மாட்டிப் பார்ப்போம். எஞ்சின் 6,500 சுற்றை எட்ட வேண்டுமானால் விசிறி 2,995 சுற்றில் ஓட வேண்டும். அவ்வேகத்தில் அது கேட்கும் திறன் 245 குதிரைத்திறன். எஞ்சினிடம் அது இல்லை. எஞ்சினின் முறுக்குவிசை அந்த வேக எல்லைக்குள் ஏறத்தாழ மாறாதது என்று எளிமைக்காகக் கொண்டால், இரண்டும் சமரசமாகும் இடம் விசிறிக்கு 2,560, எஞ்சினுக்கு 5,560. அங்கே எஞ்சின் தருவது 154 குதிரைத்திறன் மட்டுமே. 180 குதிரைகளை வாங்கிக் கட்டியவர் 154 குதிரைகளோடு புறப்படுகிறார். எஞ்சினில் குறை ஏதுமில்லை. எரிபொருள் செல்கிறது, தீப்பொறி சரியாக உள்ளது, ஆனால் முழு விசை தரும் வேகத்தை அது தொடவே விடப்படவில்லை.

2.85 விகிதப் பெட்டியில் அதே விசிறியின் நிலை நேர்மாறானது. 6,500-இல் விசிறி 2,281 சுற்றுதான் ஓடுகிறது. 108 குதிரைத்திறனைத்தான் உண்கிறது. மீதியைத் தடுக்க எதுவுமில்லை. எஞ்சின் மேலே ஏறிக்கொண்டே போகும். மேற்சொன்ன எளிய கணக்கின்படி 8,370 சுற்றில்தான் சமநிலை. ஓட்டுநர் விசைக்கட்டுப்பாட்டைப் பாதியில் நிறுத்தியே பறக்க வேண்டியிருக்கும். ஒரே எஞ்சின், ஒரே விசிறி. இடையில் உள்ள பற்களின் எண்ணிக்கை மட்டுமே வேறு. ஒருபுறம் திணறல், மறுபுறம் கட்டற்ற ஓட்டம். எஞ்சின், விகிதம், விசிறி ஆகிய மூன்றும் ஒரே தேர்வு என்று நான் சொல்வது இதனால்தான். மூன்றில் இரண்டை முடிவுசெய்த பின் மூன்றாவதைத் தேடுபவர் தேர்ந்தெடுக்கவில்லை, எஞ்சியதை ஏற்றுக்கொள்கிறார்.

அடுத்தது இதழின் முறுக்கம். அறிவியல் ஆய்வகத்தில் திருகு அளவியைக் கையாண்ட மாணவர்கள் புரியிடைத் தூரத்தை அறிவார்கள். ஒரு சுற்றில் திருகு முன்னேறும் தூரம் அது. விசிறிக்கும் அதே கருத்துதான். காற்று மரத்தைப்போல் உறுதியானதாக இருந்தால் ஒரு சுற்றில் விசிறி எவ்வளவு முன்னேறுமோ அதுவே அதன் புரியிடைத் தூரம். '68க்கு 72' என்று ஒரு விசிறியில் பொறித்திருந்தால் 68 அங்குல விட்டம், 72 அங்குலப் புரியிடைத் தூரம் என்று பொருள். ஆனால் ஒரு தயாரிப்பாளரின் 72 மற்றவரின் 72 ஆகாது. அளக்கும் இடமும் இதழின் குறுக்குவெட்டு வடிவமும் வேறுபடும். பொறித்த எண்ணை மட்டும் நம்பி இரு நிறுவன விசிறிகளை ஒப்பிடக்கூடாது.

நொடிக்கு 80 மீட்டரில், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டரில், சீராகப் பறக்க விரும்பும் வானூர்தியை எண்ணுங்கள். வான்ஸ் நிறுவனத்தின் ஆர்வி வகை இருவர் வானூர்திகளுக்கு இது இயல்பான வேகம். எஞ்சின் 6,500-இல் ஓடும்போது, 2.17 விகிதத்தில் விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் 63 அங்குலம் முன்னேற வேண்டும். 2.85 விகிதத்தில் 83 அங்குலம். மெல்லச் சுற்றும் விசிறி ஒவ்வொரு சுற்றிலும் நீண்ட அடி வைக்க வேண்டும் என்பது தெளிவு. நீண்ட அடிக்குச் செங்குத்தான இதழ் தேவை. 76 அங்குல விசிறியில் 83 அங்குலப் புரிக்கு, இதழின் முக்கால் தொலைவில் கோணம் 25 பாகை. 68 அங்குல விசிறியில் 63 அங்குலப் புரிக்கு 21.5 பாகை.

மூன்றரைப் பாகை அற்பமாகத் தோன்றலாம். ஓடுபாதையின் தொடக்கத்தில் அது அற்பமன்று. நின்றுகொண்டிருக்கும் வானூர்தியில் முன்னேற்றம் இல்லை. ஆகவே இதழ் காற்றைச் சந்திக்கும் கோணமும் அதே 25 பாகைதான். எந்த இறக்கையும் அக்கோணத்தில் ஏற்றத்தை இழந்துவிடும். காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து சுழிக்கும். விசிறி இரைந்து சுற்றும், ஆனால் இழுக்காது. வேகம் கூடக்கூட இதழ் மெல்லத் தன்னிலைக்குத் திரும்பும். மிதிவண்டியை உச்சக் கியரில் வைத்து, நிற்கும் நிலையிலிருந்து மிதிப்பதற்கு இது ஒப்பு. புரியைக் குறைத்தால் புறப்பாடு சிறக்கும். பறக்கும்போது எஞ்சின் வேக எல்லையைத் தாண்டும். நிலைப்புரி விசிறி எதை வாங்கினாலும் ஏறுவதற்கானதா, பறப்பதற்கானதா என்ற ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும்.

இருப்பினும் பெரிய விகிதத்திற்கு ஆதரவாகவும் வலுவான வாதம் உண்டு. 2.17 விகிதத்தில் விசிறி வேகமாக ஓடுவதால் நுனிவேகம் விட்டத்தைக் கட்டுப்படுத்துகிறது. 68 அங்குலத்திலேயே நுனி ஒலிவேகத்தில் எண்பத்து மூன்று விழுக்காட்டைத் தொடுகிறது. 2.85 விகிதத்தில் 76 அங்குலம் மாட்டினாலும் எழுபத்திரண்டுதான்; புறப்படும்போது எஞ்சினை 7,500 வரை விட்டாலும் எண்பத்திரண்டைத் தாண்டாது. சுழலி எஞ்சின் உயர்வேகத்தை விரும்பி ஏற்கும் இயல்புடையது. அந்த இயல்பைப் புறப்பாட்டின்போது பயன்படுத்திக்கொள்ள இடம் தருவது பெரிய விகிதமே. என் முடிவு இது: பறக்கும்போதே புரியை மாற்றவல்ல விசிறிக்குப் பணமும் எடையும் ஒதுக்க முடிந்தவர், தரையிலிருந்து போதிய உயரமும் இருந்தால், 2.85-ஐத் தேர்வது நன்று. எளிய மர விசிறியோடு நிறைவடைபவருக்கு 2.17 போதும், அவர் விசிறியை ஏறுவதற்குச் சாதகமாக வாங்கட்டும். மணிக்குப் பத்துக் கிலோமீட்டரைப் பறப்பில் இழப்பதால் யாருக்கும் தீங்கு நேர்ந்ததில்லை.

புரிமாற்றும் விசிறி பற்றி ஒரு சொல். லைகமிங் போன்ற எஞ்சின்களில் உள்ளீடற்ற தண்டின் வழியே எண்ணெய் சென்று இதழ்களைத் திருப்புகிறது. காரிலிருந்து வந்த எஞ்சினுக்குப் பூட்டும் பெட்டிகள் பலவற்றில் அந்த எண்ணெய் வழியும் வேகச் சீராக்கியைப் பூட்டும் இடமும் இருப்பதில்லை. அத்தகையோருக்கு மின்மோட்டாரால் இதழைத் திருப்பும் விசிறிகள் உள்ளன. ஜெர்மனியின் எம்டி, நியூசிலாந்தின் ஏர்மாஸ்டர் முதலியோர் செய்கிறார்கள்.

தரையிலிருந்து உயரம் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். சான்று பெறும் சிறு வானூர்திகளுக்கு அமெரிக்க விதி 2017 வரை வகுத்திருந்த இடைவெளி, மூக்குச் சக்கரம் உடையவற்றுக்கு 7 அங்குலம், வால் சக்கரம் உடையவற்றுக்கு 9 அங்குலம். தாமே கட்டுவோரை அவ்விதி கட்டுப்படுத்தவில்லை. ஆனால் அதைவிடக் குறைவாக விடுவது புல்தரையில் சூதாடுவதாகும். இடம் போதாவிட்டால் விட்டத்தைக் குறைத்து மூன்றாவது இதழைச் சேர்க்கலாம். திறனை உட்கொள்ள அது உதவும். பயனுறுதிறன் சிறிது குறையும், எடை கூடும்.

பொருளைப் பற்றிய வினாவில் சுழலி எஞ்சினுக்கு ஒரு சிறப்பு இருக்கிறது. நான்கு உருளை பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு விசைவீச்சும் தண்டின் 180 பாகைக்கு நீடிக்கும். ஒன்று முடிந்ததும் அடுத்தது. இடையில் முறுக்குவிசை தாழ்ந்து எதிர்த்திசைக்கே போகும். சுழலி எஞ்சினில் ஒவ்வொரு விசைவீச்சும் 270 பாகைக்கு நீடிக்கிறது. இரு சுழலிகள் 180 பாகை இடைவெளியில் வருவதால் ஒன்று முடியுமுன் மற்றது தொடங்கிவிடுகிறது. எனவே விசிறியை உலுக்கும் துடிப்பு மென்மையானது. அப்படியானால் எந்த உலோக விசிறியும் ஏற்றதுதானே என்று முடிவுகட்டலாமா? கூடாது.

உலோக இதழ் இசைக்கவை போன்றது; தனக்கென இயல்பதிர்வெண் உடையது. எஞ்சினின் துடிப்பு அதனோடு ஒத்துப்போனால் இதழ் சோர்ந்து, விரிசல் கண்டு, நுனியை இழக்கும். நுனி இழந்த விசிறியின் சமநிலைக் குலைவு எஞ்சினையே பிடுங்கி எறியக்கூடியது. சான்று பெற்ற இணைகளிலேயே சிலவற்றுக்கு 2,000 முதல் 2,250 சுற்று வரை தொடர்ந்து ஓட்டாதே என்ற எச்சரிக்கைப் பலகை வானோடி அறையில் ஒட்டப்பட்டிருக்கும். அளந்து பார்த்ததால் அந்த எச்சரிக்கை பிறந்தது. சுழலி எஞ்சினோடு அந்த உலோக விசிறியை யாரேனும் கருவி பூட்டி அளந்திருந்தாலன்றி, மென்மையான துடிப்பு என்ற பேச்சை மட்டும் நம்பக்கூடாது. மரம் அதிர்வைத் தன்னுள் வாங்கி அடக்கும் இயல்புடையது. அளக்கப்படாத இணைக்கு மரமே முதல் தேர்வு. மர உள்ளீட்டின்மேல் இழைக்கண்ணாடி போர்த்தியதும் அவ்வாறே.

மரத்தின் இன்னொரு நன்மை அதன் எடைக்குறைவு. எஞ்சினின் சுழலும் பகுதி ஒருபுறம், விசிறி மறுபுறம், நடுவில் வளைந்துகொடுக்கும் தண்டும் பற்சக்கரமும். இவை சேர்ந்து ஒரு முறுக்கு ஊசல். அதன் ஒத்ததிர்வு வேகம், எஞ்சின் மெல்ல ஓடும் வேகத்திற்கும் கீழே ஒதுங்கியிருக்க வேண்டும். விசிறியின் நிலைமத் திருப்புத்திறன் மாறினால் அந்த ஒத்ததிர்வும் இடம்மாறும். பற்களும் இணைப்புகளும் தாங்கும் சுமையும் மாறும். ஆகவே பெட்டி செய்வோர் ஓர் உச்சவரம்பு சொல்வார்கள். சுழலி அல்லாத ராட்டாக்ஸ் 912 எஞ்சினின் பெட்டிக்கு அவ்வரம்பு 6,000 கிலோகிராம் சதுர சென்டிமீட்டர் என்று கையேட்டிலேயே உண்டு. சுழலி எஞ்சினுக்குப் பெட்டி வாங்குபவர் இந்த எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். சொல்ல மறுப்பவரிடம் பெட்டி வாங்கலாகாது.

சுழலும் திசையையும் கேளுங்கள். வளையம் அசையாமல் நிற்க, சூரியச் சக்கரத்தில் விசையேற்றும் கோளமைப்பு திசையை மாற்றாது. ஒன்றோடொன்று பல்பொருந்தும் இரு வெளிச்சக்கரங்கள் மட்டும் உள்ள பெட்டி திசையைத் திருப்பிவிடும். இதை மறந்து வாங்கிய விசிறி, எவ்வளவு அழகானதாயினும், சுவரில் மாட்டத்தான் உதவும்.

லாங்-ஈசி, கோசி போன்ற, விசிறியைப் பின்புறம் கொண்ட வானூர்திகளில் தொல்லை இன்னும் ஒன்று கூடும். இறக்கை கலக்கிவிட்ட காற்றிலும், சுழலி எஞ்சினின் மிகக் கடும் சூடான புகைப்போக்கிலும் இதழ் ஒவ்வொரு சுற்றிலும் நுழைந்து வெளிவருகிறது. முன்னே கழன்று விழும் ஒவ்வொரு திருகும் விசிறியைத்தான் வந்தடையும். அங்கே விளிம்புக்குக் காப்புத் தகடு இல்லாத மர விசிறி நெடுநாள் தாங்காது.

மரத்தைப் பற்றிப் புகழ்ந்துவிட்டு அதன் குறையை மறைப்பது முறையன்று. நம் பகுதி போன்ற ஈரப்பதம் மிக்க இடத்தில் மரம் ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். குளிர்வசதி செய்த கொட்டகைக்குள் நாள்கணக்கில் இருந்தால் உலர்ந்து சுருங்கும். சுருங்கினால் நடுக்கட்டையை இறுக்கும் திருகாணிகள் தளரும். உராய்வால் மரம் கருகி, ஆணிகள் ஒடிந்து, விசிறி தனியே பறந்துபோவதுதான் அதன் முடிவு. ஆகவே இறுக்க அளவியால் குறித்த காலங்களில் திருகாணிகளைச் சோதிப்பது விருப்பமன்று, கடமை. மழைத்துளியும் நொடிக்கு 250 மீட்டர் வேக நுனிக்குச் சரளைக்கல் போன்றது. மழையில் சிக்கினால் சுற்றுவேகத்தைக் குறைக்க வேண்டும்.

விசிறி செய்பவருக்குக் கடிதம் எழுதும்போது எஞ்சினின் பெயரை மட்டும் எழுதுவதில் பயனில்லை. எந்தச் சுற்றில் எவ்வளவு குதிரைத்திறன், பெட்டியின் விகிதம், விசிறி சுழலும் திசை, மாட்டக்கூடிய உச்ச விட்டம், எதிர்பார்க்கும் பறப்பு வேகம், ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றை எழுத வேண்டும். திறனைக் கூட்டிச் சொல்பவர்கள் பலர். கற்பனைக் குதிரைகளுக்கென்று செதுக்கிய விசிறி, உண்மைக் குதிரைகளைத் திணற அடிக்கும். முன்பு கண்ட 154-இன் கதைதான்.

விசிறி வந்து மாட்டிய பின் செய்யும் முதற்சோதனை பறப்பதன்று. வானூர்தியின் வாலை உறுதியான தூணில் கட்டி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, விசிறி சுழலும் தளத்தில் ஒருவரும் நில்லாதபடி பார்த்துக்கொண்டு, முழு விசை தந்து எஞ்சின் எத்தனை சுற்று எட்டுகிறது என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணை விசிறி செய்தவர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். அவர் 5,800 என்று சொல்லி எஞ்சின் 5,200-இல் நின்றுவிட்டால், ஒன்று எஞ்சினிடம் சொன்ன திறன் இல்லை, அல்லது விசிறியின் புரி மிகுதி. எது என்று தெரியும்வரை தூணிலிருந்து அவிழ்க்கக்கூடாது. அடுத்தபடியாகக் கட்டுநர்கள் துல்லியமான தராசு ஒன்றைக் கயிற்றில் கோத்து இழுவிசையையும் அளப்பார்கள். சுற்று சரியாக இருந்தும் இழுப்பு குறைவாக இருந்தால் இதழ் ஏற்றமிழந்து நிற்கிறது என்று பொருள். அவ்வானூர்தி ஓடுபாதையின் முதற்பாதியில் சோம்பும்.

நம் ஊர் வெயிலில் இச்சோதனை செய்பவருக்கு ஒரு குறிப்பு. 32 பாகையில் காற்றின் அடர்த்தி, நூல்களில் உள்ள 15 பாகை அளவைவிட ஐந்தரை விழுக்காடு குறைவு. எஞ்சின் தரும் திறனும் விசிறி கேட்கும் திறனும் ஏறத்தாழ ஒன்றாகவே குறைவதால் சுற்றுமானி அதே எண்ணைக் காட்டும். காலையில் பார்த்த 5,800-ஐ நண்பகலிலும் கண்டு எல்லாம் அவ்வாறே இருக்கிறது என்று கருத இடமுண்டு. சுற்றுமானி பொய் சொல்லவில்லை. ஆனால் கயிற்றில் கட்டிய தராசு குறைத்துக் காட்டும். ஓடுபாதையின் நீளத்தை அந்தத் தராசின் நண்பகல் எண்ணைக் கொண்டே கணக்கிட வேண்டும்.

வினாக்கள் இருப்பின் கேட்கலாம்.